கான்கிரீட் முகம் காட்டும் டைல்ஸ்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: சேலத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். பூசாத கான்கிரீட் சுவரின் தோற்றம் எனக்கு மிகவும் பிடிக்கும். அப்படியே விட்டால் விரிசலும் கறையும் தெரியும் என்று பொறியாளர் தயங்குகிறார். கடையில் அதே தோற்றத்தில் டைல்ஸ் காட்டினார்கள். ஒன்று செராமிக், ஒன்று போர்சலின், இன்னொன்று விட்ரிஃபைட் என்றார்கள். விலையில் பெரிய வித்தியாசம். கூடத்துத் தரைக்கும் ஒரு சுவருக்கும் எதை வாங்கலாம்?

பதில்: முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். போர்சலினும், நம் ஊர்க் கடைகளில் விட்ரிஃபைட் என்று சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான். அது உறிஞ்சும் தண்ணீர் அதன் எடையில் 0.5 சதவீதத்தைத் தாண்டாது. சுவருக்கென்று விற்கும் சாதாரண செராமிக் 10 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சும். கடையில் ஒரு டைலைக் கவிழ்த்துப் போட்டு, முதுகில் ஒரு கரண்டி தண்ணீர் விடுங்கள். செராமிக் என்றால் சில நிமிடங்களில் ஈரம் உள்ளே இறங்கி அந்த இடம் கருத்துவிடும். விட்ரிஃபைட்டில் தண்ணீர் அப்படியே மேலே நிற்கும். தரைக்கு விட்ரிஃபைட்தான் வேண்டும். சுவருக்கு மட்டும் என்றால் செராமிக் போதும், பணமும் மிச்சம்.

அடுத்தது மேற்பரப்பு. இந்தத் தோற்றம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் தேர்ந்தெடுப்பது எளிது. 1952இல் பிரான்சின் மார்சேய் நகரில் கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே கட்டி முடித்த அடுக்குமாடியில், சென்ட்ரிங் பலகையின் மரரேகைகளைப் பூசி மறைக்காமல் அப்படியே விட்டார்கள். லண்டனின் பார்பிகன் குடியிருப்பில், இறுகிய கான்கிரீட்டைச் சுத்தியலால் கையாலேயே கொத்திச் சொரசொரப்பாக்கினார்கள். 1963இல் திறக்கப்பட்ட, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் கட்டடக்கலைத் துறைக் கட்டடத்தில், அதை வடிவமைத்த பால் ருடால்ஃப் செங்குத்தான வரிகளாக வார்த்து, அந்த வரிகளின் முனைகளை உடைக்கச் செய்தார். இன்று கடையில் நீங்கள் பார்க்கும் பலகைத் தடம், கொத்திய கல், வரிவரியான ஃப்ளூட்டட் ஆகிய மூன்றும் இவற்றின் வழிவந்தவைதான். நம் பக்கத்திலேயே, புதுச்சேரியின் கோல்கொண்டா விடுதி, இந்தப் பாணிக்கு ப்ரூட்டலிசம் என்று பெயர் வருவதற்கு முன்பே வெறும் கான்கிரீட்டோடு எழுந்துவிட்டது. வாய்ப்புக் கிடைத்தால் வெளியிலிருந்தாவது பார்த்துவிட்டு வாருங்கள். கண் பழகிவிட்டால் கடையில் ஏமாற மாட்டீர்கள்.

ஏனென்றால் கடையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை வெறும் அச்சு. சொரசொரப்பு போலத் தெரிவது மழமழப்பான பரப்பின்மேல் தெளித்த மை. விளக்குக்கு நேர்கீழே வைத்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். டைலைச் சுவரில் சாய்த்து, கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து அடியுங்கள். உண்மையில் மேடு பள்ளம் இருந்தால் நிழல் விழும். அச்சில் விழாது. கூடத்துச் சுவருக்கு நிழல் விழும் ரகத்தை வாங்குங்கள்; மாலை வெயில் சாய்வாகப் படும்போதுதான் அந்தச் சுவர் உயிர் பெறும். தரைக்கு அது வேண்டாம். தினமும் துடைக்கும் துணியின் நூல் மாட்டும், அழுக்கு பள்ளத்தில் தங்கும். தரையில் மேட் ஃபினிஷ் அச்சே நல்லது, அதில் குறை ஒன்றும் இல்லை.

மாதிரி டைல் ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்து மஞ்சள் கரைசல், நல்லெண்ணெய், காபி டிகாஷன் மூன்றையும் துளித்துளியாக விட்டு ஓர் இரவு வையுங்கள். காலையில் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். மஞ்சள் போகாத டைலை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், சாப்பிடும் இடத்துக்கு வாங்காதீர்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள்: இந்த வடிவத்தில் எத்தனை வேறு வேறு முகங்கள், அதாவது மேற்பரப்புப் படங்கள், அச்சாகின்றன? உங்கள் கூடம் 180 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். வெட்டுச் சேதத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 198. 600க்கு 1200 மில்லிமீட்டர் அளவில் இரண்டு டைல் உள்ள பெட்டி 15.5 சதுர அடி வரும். ஆக 13 பெட்டி, 26 டைல். நான்கு முகங்கள்தான் என்றால் ஒரே கறை, ஒரே காற்றுக்குமிழித் தடம், ஆறேழு இடத்தில் திரும்பத் திரும்ப வரும். உண்மையான கான்கிரீட்டில் எந்தத் தடமும் இரண்டு முறை வராது. ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஒரே முகம் அடுத்தடுத்து வராதபடி திருப்பி வைக்கச் சொல்லுங்கள். மேஸ்திரி அவசரப்படுவார், அரைமணி நேரம் கூட நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுவதற்கு வெறும் சிமென்ட் பால் வேண்டாம். விட்ரிஃபைட் தண்ணீரை இழுக்காது என்பதால் சிமென்ட் அதைப் பிடிக்காது. சில மாதங்களில் தட்டினால் டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம் வரும். டைல் பசைதான் வேண்டும். இடைவெளியில் நிரப்புவதை டைலின் சாம்பல் நிறத்திலேயே வாங்கினால் கோடுகள் கண்ணை உறுத்தாது.

கேள்வி: ஐந்து பெட்டி குறைந்ததால் அதே கடையில் மறுபடி வாங்கினோம். ஒட்டிய பிறகு பார்த்தால் பாதித் தரை நீலச் சாம்பல், மீதி பழுப்புச் சாம்பல். ஒட்டிவிட்டீர்கள், மாற்ற முடியாது என்கிறார்கள்.

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. சாம்பல் நிறத்தில்தான் இந்தக் கோளாறு மிக எளிதாகத் தெரியும். ஒவ்வொரு சூளைச் சுற்றிலும் நிறம் சற்றே மாறும். அதனால்தான் பெட்டியில் ஷேடு எண்ணும் பேட்ச் எண்ணும் அச்சிடுகிறார்கள். பெட்டி அட்டைகளை எறிந்துவிட்டீர்களா? இல்லையென்றால் இரண்டு பேட்ச் எண்களையும் படமெடுத்து, ரசீதுடன் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். அதே பேட்ச் வேண்டும் என்று நீங்கள் கேட்டதற்குச் செய்தியோ ரசீதுக் குறிப்போ இருந்தால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். ஒட்டும் முன் சரிபார்க்க வேண்டும் என்று பெட்டியிலேயே போட்டிருந்தால், அதைக் காட்டி அவர்கள் வாதாடுவார்கள்; முழுத் தொகையும் கிடைக்கும் என்று நான் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். பேசித் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை.

கேள்வி: அம்மாவுக்கு எழுபது வயது. குளியலறைத் தரைக்கும் கான்கிரீட் டைல் போடலாமா?

பதில்: போடலாம். வழுக்காத தன்மையை R9 முதல் R13 வரை குறிப்பார்கள். R10க்குக் கீழே வாங்காதீர்கள். எண்ணை மட்டும் நம்பாமல், மாதிரியின்மேல் சோப்புத் தண்ணீர் ஊற்றி நீங்களே வெறுங்காலோடு நின்று பாருங்கள், கையால் எதையாவது பிடித்துக்கொண்டு. தரையில் 300 மில்லிமீட்டர் அளவுச் சின்ன டைலே போதும்: தண்ணீர் ஓடுவதற்குச் சரிவு கொடுக்க வசதி, இடைவெளிக் கோடுகள் அதிகம் இருப்பதால் காலுக்குப் பிடிப்பும் கூடும். பெரிய பலகைத் தடம் ரகத்தைச் சுவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.