வெற்றிலை அச்சு, பொரிகடலை மாவு

கேள்வி: எனக்கு மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளும் நான்கு வயது மகனும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் அக்காவின் பிள்ளைகள், பிப்ரவரி 14-க்கு வகுப்பில் கொடுப்பதற்காக இதய வடிவ பிஸ்கட்டும் சாக்லேட்டும் செய்ததை வீடியோ காலில் காட்டினார்கள். அன்றிலிருந்து "நாமும் செய்வோம்" என்று என் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். "முளைச்சு மூணு இலை விடலை, அதுக்குள்ள காதலர் தினமா?" என்று அத்தை முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். வீட்டில் ஓவன் இல்லை, சாக்லேட் வேலையும் எனக்கு வராது. செய்யலாமா? செய்தால் எதைச் செய்வது?
– ஒரு வாசகி, வில்லாபுரம், மதுரை

பதில்: செய்யுங்கள் தங்கச்சி. சாக்லேட் மட்டும் வேண்டாம்.

முதலில் அத்தை விஷயத்தை முடித்துவிடுவோம். அவருக்குக் கோபம் அந்தப் பெயர்மேல்தான். "காதலர் தினம்" என்று நாம் பெயர் வைத்துக்கொண்டதால் வந்த வினை இது. அங்கே சின்ன வகுப்புகளில் நடப்பதற்கும் காதலுக்கும் சம்பந்தமே இல்லை. பல பள்ளிகளில் ஆசிரியரே வகுப்பில் உள்ள எல்லார் பெயரையும் எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கொண்டு வந்தால் எல்லாருக்கும் கொண்டு வர வேண்டும், பிடித்த நாலு பேருக்கு மட்டும் என்பதெல்லாம் கிடையாது. அப்படிக் கொடுக்கிற அட்டைக்கும் மிட்டாய்க்கும்தான் வாலன்டைன் என்று பேர். தீபாவளிக்கு நாம் தெரு முழுக்கப் பலகாரத் தட்டு அனுப்புகிறோமே, கிட்டத்தட்ட அதே கதை. இதை அத்தையிடம் விளக்கிச் சொல்வதைவிட, "அத்தை, தேங்காய் பர்பிக்குப் பதம் எனக்குப் பிடிபட மாட்டேங்குது, நீங்க வந்து நில்லுங்க" என்று கூப்பிட்டுப் பாருங்கள். கரண்டி அவர் கைக்குப் போய்விட்டால் அப்புறம் தினத்தின் பெயர் என்னவாக இருந்தால் என்ன?

சாக்லேட் ஏன் வேண்டாம் என்றால், கோகோ வெண்ணெய் உருகுகிற சூடு ஏறக்குறைய 34 டிகிரி. நம் ஊரில் மாசி பிறக்கும்போதே மதிய வெயில் அதைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்துவிடும். நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் பேத்திக்கு ஆறு வயது இருக்கும்போது இரண்டு பேரும் அரை நாள் உட்கார்ந்து சாக்லேட் இதயங்கள் செய்தோம். பளபளவென்று அத்தனை அழகு. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி மேலூரில் இறங்கி, அவள் சித்தி வீட்டுத் திண்ணையில் வைத்து டப்பாவைத் திறந்தால் உள்ளே குழம்பு. அவள் அழுத அழுகையில் சித்தி அதை இட்லிக்குத் தொட்டுச் சாப்பிட்டுக் காட்ட வேண்டியதாயிற்று. போதாததற்கு, சாக்லேட்டை உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் மொத்தமும் கட்டி தட்டிவிடும். நான்கு வயதுக் கை பக்கத்தில் இருக்கிற வீட்டில் அது நடக்காமல் இருக்குமா?

கடலை மிட்டாயும் இந்த வயதுக்கு வேண்டாம். வெல்லப்பாகு கொதிக்கிற தண்ணீரைவிடச் சூடு கூடியது, தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு விடாது. முழுக்கடலை வேறு சின்னவன் தொண்டையில் சிக்கலாம்.

பிள்ளைகள் கையாலேயே முழுக்கச் செய்யக்கூடியது பொரிகடலை மாவுருண்டை. சென்னைப் பக்கம் பொட்டுக்கடலை என்பார்கள். ஒரு கப் பொரிகடலை, முக்கால் கப் சீனி, இரண்டு ஏலக்காய். மூன்றையும் மிக்ஸியில் நைஸாகத் திரித்துச் சலித்துக்கொள்ளுங்கள். சலிக்கிற வேலை சின்னவனுக்கு. கீழே நியூஸ் பேப்பரை விரித்துவிட்டால் போதும், சல்லடையைத் தட்டித் தட்டி அவன் அரை மணி நேரம் வாய் திறக்க மாட்டான். நெய்யைச் சுட வைத்து மாவில் ஊற்றுவது உங்கள் வேலை. நான்கு மேசைக்கரண்டியில் ஆரம்பியுங்கள். ஒரு பிடி மாவை அள்ளி இறுக்கினால் விரல் தடம் பதிந்து நிற்க வேண்டும். உதிர்ந்தால் இன்னும் ஒரு கரண்டி. பால் ஊற்றிப் பிசையாதீர்கள், சீக்கிரம் கெட்டுவிடும். கை பொறுக்கும் சூடு வந்த பிறகு பிள்ளைகளிடம் கொடுங்கள். முழுக்க ஆறவிட்டால் உருட்ட வராது.

இந்த மாவை உருட்டித் தேய்த்து அச்சில் வெட்ட முடியாது, பொலபொலவென்று விட்டுவிடும். எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து, உள்ளங்கையில் வைத்து லேசாகத் தட்டையாக்கச் சொல்லுங்கள். மேல் விளிம்பின் நடுவில் ஸ்பூன் காம்பை வைத்து ஒரு அழுத்து. எதிர்ப்பக்கத்தை இரண்டு விரலால் கிள்ளிக் கூராக்கினால் இதயம். முதல் ஐந்தாறு கொழுக்கட்டை மாதிரிதான் வரும். வரட்டும், நீங்கள் வாங்கித் திருத்தாதீர்கள். கடையில் விற்கிற மாதிரி இருக்க வேண்டுமென்றால் கடையிலேயே வாங்கிவிடலாமே. மகன் பிடித்தது கோணலாக இருப்பதால்தான் அவன் தாத்தா அதை உடனே தின்னாமல் நாலு பேருக்குக் காட்டுவார்.

ரோஸ் கலர் கேட்பாள் உங்கள் மகள், கேட்காமல் இருக்க மாட்டாள். அதற்குத்தான் தேங்காய் பர்பி. இரண்டு கப் தேங்காய்த் துருவல் (ஓட்டை ஒட்டிய பழுப்பு விழாமல், வெள்ளையாக), ஒன்றரை கப் சீனி, கால் கப் தண்ணீர். அடுப்படியில் நீங்களும் அத்தையும் மட்டும். சுருண்டு, ஓரம் விட்டு, நுரைத்து வருகிற நேரத்தில் பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்த சாறு ஒரு மேசைக்கரண்டி சேர்த்து இரண்டு நிமிடம் கிளறி இறக்குங்கள். முதலிலேயே ஊற்றினால் பீட்ரூட் நிறம் சூட்டில் மங்கிப் பழுப்படித்துவிடும். நெய் தடவிய தட்டில் கொட்டி, விரல் தடிமனுக்குச் சமப்படுத்துங்கள்.

அச்சுக்காக டவுன் முழுக்க அலைய வேண்டாம். வெற்றிலை இருக்கிறது. அத்தையின் வெற்றிலைப் பெட்டியிலேயே கூட இருக்கலாம். புவிசார் குறியீடு வாங்கிய சோழவந்தான் வெற்றிலையை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு இதய வடிவத்துக்கு ஆன்லைனில் தேடுவானேன்? மூன்று விரல் அகலத்துக்கு மேல் போகாத கொழுந்தாகப் பார்த்து எடுத்து, கழுவித் துடைத்து, காம்பைக் கிள்ளிவிடுங்கள். பர்பி வெதுவெதுப்பாக இருக்கும்போது மேலே வைத்து, முனை மழுங்கிய கத்தியால் மகள் ஓரத்தை ஒட்டிக் கீறட்டும். சூட்டில் இலை வாடினால் அடுத்த இலை. வெட்டியது போக மிஞ்சுகிற ஓரத் துண்டுகள் வேலை செய்தவர்களுக்குக் கூலி.

இன்னொன்று. அமெரிக்காவில் மிட்டாயிலேயே குட்டி வாசகம் அச்சடித்து விற்பார்கள். 1866-லேயே அதற்கு மெஷின் வந்துவிட்டது. உங்கள் மகளுக்கு மெஷின் எதற்கு, தமிழ் இருக்கிறதே. வா, பூ, நீ, தா, கை, தீ என்று ஒரே எழுத்தில் முடிகிற சொற்கள் நம்மிடம் எத்தனை. ஒரு பாதி பர்பியைப் பீட்ரூட் சேர்க்காமல் வெள்ளையாக விட்டுவைத்து, நன்றாக ஆறிய பிறகு பல்குத்தும் குச்சியைப் பீட்ரூட் சாறில் தொட்டு எழுதச் சொல்லுங்கள். சாறு நிறைய இருந்தால் பரவிவிடும், குச்சி நுனியை ஒருமுறை துணியில் ஒற்றிவிட்டு எழுத வேண்டும். அம்மாச்சிக்கு "வா", பக்கத்து வீட்டு அக்காவுக்குப் "பூ". தம்பிக்கு என்ன எழுதுவாள் என்று எனக்குத் தெரியும், "போ".

யாருக்கெல்லாம் கொடுப்பது என்று முன்கூட்டியே பெயர் எழுதிக்கொள்ளுங்கள். பட்டியலைப் பிள்ளைகளே சொல்லட்டும். ஆட்டோக்கார அண்ணன், தண்ணீர் கேன் போடுகிறவர் என்று நாம் நினைக்காத பெயரெல்லாம் வரும். வகுப்புக்குக் கொடுத்தனுப்புவதாக இருந்தால் வகுப்பு ஆசிரியரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். சில பள்ளிகளில் வீட்டுப் பண்டத்தைப் பகிர விடமாட்டார்கள், இன்னும் சில இடங்களில் பிப்ரவரி 14 என்றாலே முகம் சுளிப்பார்கள். 13-ஆம் தேதியே கொடுத்தால் யாருக்கும் வம்பில்லை. நெய், தேங்காய், பொரிகடலை என்று சேர்த்ததை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள், ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் அதன் அம்மாவுக்கு உதவும்.

பர்பி நம் வெயிலுக்கு வெளியில் இரண்டு நாள் தாங்கும், அதனால் முந்தின நாள் சாயங்காலம் செய்தால் போதும். மாவுருண்டையை அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையே பிடித்து, ஈரமில்லாத சம்படத்தில் போட்டு வைக்கலாம். சம்படம் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் கொடுக்கிற நாளில் மூடிதான் மிஞ்சும். உடைந்து உதிர்ந்த மாவைக் கொட்டிவிடாதீர்கள். ராத்திரி சூடான பாலில் இரண்டு கரண்டி கரைத்துக் கொடுங்கள், சின்னவன் இன்னொரு டம்ளர் கேட்பான்.