கவிழ்த்துப் பார்க்காமல் நாற்காலி வாங்காதீர்கள்

பினாங்கில் பழைய நாற்காலிகளைப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. வாங்கிய பிறகு வந்து தலையில் கை வைப்பவர்களே அதிகம் என்பதால், இந்த முறை வாங்குவதற்கு முன்பே கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

செந்தூலிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, கோப்பிக்கடை நாற்காலி நான்கு பார்த்து வைத்திருக்கிறேன். வட்ட ஆசனம், வளைந்த முதுகு. கடைக்காரர் 'ஒரிஜினல் தோனெட்' என்று சத்தியம் செய்கிறார். நம்பலாமா?

சத்தியத்தை விடுங்கள் தம்பி, நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். வியன்னாவில் மிக்கேல் தோனெட் 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலிதான் இந்தக் குடும்பத்துக்கே பாட்டன். பீச் மரத்தை நீராவியில் வேகவைத்து வளைத்தார். ஆறு துண்டு மரம், பத்துத் திருகாணி, இரண்டு நட்டு, அவ்வளவுதான். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கும். கப்பலேறி உலகமெல்லாம் போனதன் ரகசியம் அதுதான். அப்புறம் கோன், ஃபிஷெல், முண்டுஸ் என்று பல கம்பெனிகள் இதே அச்சில் செய்து தள்ளின. அவையும் நல்ல சரக்குதான்.

ஆசன வளையத்தின் உள்பக்கம் முத்திரையோ காகிதச் சீட்டோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 'செக்கோஸ்லோவாக்கியா' என்று இருந்தால் 1918-க்கு முந்தியதாக இருக்க வழியில்லை, அந்த நாடே அந்த வருஷம்தான் பிறந்தது. திருகாணியின் தலையில் கூட்டல் குறி இருந்தால் அது 1930-களுக்குப் பிந்தையது. திருகாணியைப் பிறகு மாற்றியிருக்கலாம், ஆனால் எல்லாமே அப்படி இருந்தால் சந்தேகப்படுங்கள். சீட்டு இல்லை என்பதற்காகப் போலி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சீட்டு இல்லாத நாற்காலிக்குத் தோனெட் விலை கொடுக்காதீர்கள்.

ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு அக்கா: போன மாதம் வாங்கிய நாற்காலிக்கு அடியில் தினமும் தூள் கொட்டுகிறது. பெருக்கிப் பெருக்கி அலுத்துவிட்டது.

அக்கா, பெருக்குவதற்கு முன் அந்தத் தூளை விரலால் தேய்த்துப் பாருங்கள். கோதுமை மாவு போல நைசாக இருந்தால் மரத்தைத் துளைக்கும் வண்டு. சின்னச் சின்ன மணியாக, ரவை போல உருண்டால் உலர்மரக் கறையான். பூதக்கண்ணாடியில் அந்த மணிகள் ஆறு பட்டையாகத் தெரியும். இரண்டில் எதுவானாலும் முதலில் நாற்காலியை மற்ற மரச்சாமான்களிடமிருந்து பிரித்து, கறுப்புக் காகிதத்தின் மேல் வையுங்கள். இரண்டு வாரத்தில் புதுத் தூள் விழுந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. கறையான் என்றால் பூச்சி ஒழிப்பவரைக் கூப்பிடுங்கள், மேலே மருந்து பூசுவதால் உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது.

கடையிலேயே பார்க்க ஒரு வழி: ஓட்டையின் விளிம்பும் உள்பக்கமும் வெளிறிப் புதிதாக இருந்தால் புது ஓட்டை, அழுக்கேறிக் கறுத்திருந்தால் பழைய கதை. தேக்கின் வைரப்பகுதியை, அதாவது கறுத்த நடுமரத்தை, வண்டு பெரும்பாலும் தொடாது. வெளுத்த ஓரப்பகுதிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 'தேக்குதானே' என்று அசந்துவிடக் கூடாது.

பட்டர்வொர்த்திலிருந்து: தாத்தா தோட்டத்தில் கிராணியாக (கணக்குப்பிள்ளையாக) இருந்தார். துரை ஊருக்குப் போகும்போது கொடுத்த நீளக் கை சாய்வு நாற்காலி எங்களிடம் இருக்கிறது. பிரம்பு தொங்கிவிட்டது. பலகை அடித்துக் குஷன் போடலாம் என்கிறார் மச்சான்.

மச்சானைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கைகளுக்கு அடியில் இன்னொரு பலகை மடங்கியிருந்தால், அது வெளியே சுழன்று வரும். வெயிலில் சுற்றிவிட்டு வந்த துரை அதன்மேல் காலை நீட்டிக்கொள்வார். இந்த ஊர்ப் புழுக்கத்துக்குப் பிரம்பின் இடைவெளி வழியாக முதுகில் காற்றுப் படுவதுதான் அதன் சுகமே. பலகை அடித்தால் அது போய்விடும்.

பிரம்பு எங்கும் அறுபடாமல் தொங்க மட்டும் செய்தால் செலவே இல்லை. நாற்காலியைக் கவிழ்த்து, வெந்நீரில் நனைத்த துணியை அடிப்பக்கத்தில் விரித்து அரைமணி நேரம் விடுங்கள். மேல்பக்கத்துப் பளபளப்பான தோல் தண்ணீரைக் குடிக்காது, அடிப்பக்கம்தான் குடிக்கும். பிறகு யாரும் உட்காராமல் நிழலில் ஒரு நாள் காயட்டும். சுருங்கி இறுகிவிடும்.

அறுந்திருந்தால் சட்டத்தைப் பாருங்கள். வரிசையாகத் துளைகள் இருந்தால் கையால் பின்னியது, ஒவ்வொரு இழையாகக் கோத்துத்தான் மறுபடி பின்ன வேண்டும். சுற்றிலும் ஒரு காடி (குறுகிய பள்ளம்) ஓடி அதில் பிரம்புக் குச்சி பதிந்திருந்தால் இயந்திரப் பின்னல், பாயாக வாங்கிப் பதித்துவிடலாம்.

இன்னொன்று, மெருகைச் சுரண்டாதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் இப்படி ஒரு தாத்தா நாற்காலியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுசாக்கிக் கொடுத்தேன். அந்த வீட்டு அம்மா கையில் தடவிப் பார்த்து, 'அப்பா கை வைத்த கறுப்பு எங்கே?' என்றார். கூலி வாங்க வாய் வரவில்லை.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து: நாற்காலி ஆடுகிறது. இரண்டு ஆணி அடித்தால் போதுமா?

வேண்டாம். மரத்துண்டுகள் சேரும் மூட்டை ஆணி பிளந்துவிடும். மூட்டைக் கழற்றி, பழைய பசையைச் சுத்தமாக எடுத்து, வஜ்ஜிரம் (விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசை) காய்ச்சி ஒட்டுவதுதான் வேலை. வஜ்ஜிரம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும், பின்னால் வருகிறவர் மறுபடி கழற்ற முடியும். மூட்டில் ஆணித்தலை தெரிகிற நாற்காலியை நான் பாதி விலைக்குத்தான் கேட்பேன்.

ஜார்ஜ் டவுனிலிருந்து: முத்துச்சிப்பி பதித்த கறுப்பு மர நாற்காலி, நடுவில் பளிங்கு. ஹாலில் டிவி பார்க்க நன்றாக இருக்குமா?

பார்க்க நன்றாக இருக்கும், உட்கார்ந்து டிவி பார்க்க இருக்காது! சர்ச் ஸ்திரீட்டில் இருக்கும் பெரானாக்கான் (இங்கேயே வேரூன்றிய சீன வம்சத்தார்) மாளிகைக்குப் போனால் இவ்வகை நாற்காலிகள் சுவரோரமாக வரிசை கட்டி நிற்பதைப் பார்க்கலாம். விருந்தாளி நிமிர்ந்து உட்கார்ந்து மரியாதையாகப் பேசிவிட்டுப் போவதற்கானவை. ஒன்று வாங்கி வாசலருகே போடுங்கள், சப்பாத்துப் போட உதவும். சாய்த்துப் பார்க்கும்போது நிறம் மாறி மாறி மின்னினால் சிப்பி. எப்படிப் பார்த்தாலும் ஒரே வெள்ளையாக இருந்தால் பிளாஸ்டிக். ஏர்கோன் காற்று நேரே படும் இடம் மட்டும் ஆகாது, மரம் சுருங்கிப் பதிப்பு கழன்று வரும்.

ஈப்போ ரோட்டிலிருந்து: 'அன்டிக்' என்றால் எத்தனை வயசு?

வழக்கத்தில் நூறு. அதற்குக் கீழே 'விண்டேஜ்'. உருண்டையாகக் கடைந்த கால் என்றால் வெர்னியர் அளவியால் அதன் கனத்தை இரண்டு பக்கமாக அளந்து பாருங்கள். மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்காது, பழைய கால் கொஞ்சம் முட்டை வடிவமாகியிருக்கும்.

பாயான் லெப்பாஸிலிருந்து: லோரோங் கூலிட் சந்தையில் பச்சைப் பெயின்ட் அடித்த குழந்தை நாற்காலி வாங்கினேன். தேய்த்துவிட்டு வேறு நிறம் அடிக்கலாமா?

தேய்க்காதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூள் குழந்தைக்கு விஷம். சோதிக்கும் வரை பிள்ளையின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கிள்ளானிலிருந்து: மாமியார் பழைய நாற்காலியை வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறார். யார் உட்கார்ந்து செத்தார்களோ என்று பயம்.

எங்கள் அம்மாவும் அதையேதான் சொன்னார். நான் கொண்டுவந்த நாற்காலி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சாம்பிராணி போட்டு, ஒரு வாரம் ஐந்தடியில் (வாசல் நடைபாதையில்) கிடந்தது. அதன் ஆசனம் 48 சென்டிமீட்டர் உயரம், பிடித்து எழ இரண்டு கைகளும் உண்டு. அம்மாவுக்கு மூட்டு வலி. இப்போது அதில் வேறு யாராவது உட்கார்ந்தால், 'எழுந்திரு, என் நாற்காலி' என்கிறார்.