பெட்டியில் இடமிருந்தால் போதுமா? எம்.சி.பி. கேள்வி-பதில்

புதிதாக ஏ.சி. வாங்கியவர்களும், முதல் மழைக்கே ஆர்.சி.சி.பி. விழத் தொடங்கியவர்களும் இம்முறை சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். எம்.சி.பி. என்பது மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச், ஆர்.சி.சி.பி. என்பது மின்கசிவு இருந்தால் துண்டிக்கும் சுவிட்ச். அவை தானாக இறங்கித் துண்டிப்பதைத்தான் விழுவது என்கிறோம். ஒரே மாதிரியான கடிதங்களை ஒன்றாக்கிவிட்டேன். வயரின் அளவைக் குறிப்பிடாமல் எழுதியவர்களுக்கு வழக்கம்போல் அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது.

டி.பி. பெட்டியில் (வீட்டின் மின் விநியோகப் பெட்டியில்) இரண்டு இடங்கள் காலியாக உள்ளன. ஒன்றரை டன் ஏ.சி.க்காக 32 ஆம்பியர் எம்.சி.பி. வாங்கி வைத்திருக்கிறேன். அந்த அறைக்கு 2.5 சதுர மி.மீ. வயர் ஏற்கெனவே வந்திருக்கிறது. மெயினை நிறுத்திவிட்டு நானே மாட்டிவிடலாமா? (மதுரை)

முதலில் அந்த எம்.சி.பி.யைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். எம்.சி.பி. காப்பது ஏ.சி.யை அல்ல, சுவருக்குள் ஓடும் வயரை. ஆகவே கருவியின் மின்னோட்டத்தைப் பார்த்து வயரையும், வயரைப் பார்த்து எம்.சி.பி.யையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால்தான் வீடு புகைகிறது. குழாய்க்குள் ஓடும் 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் ஏறத்தாழ 20 ஆம்பியர் வரை தாங்கும். 32 ஆம்பியர் எம்.சி.பி.யோ, தர நிர்ணயத்தின்படியே, 36 ஆம்பியரை ஒரு மணி நேரம் விழாமல் சுமக்க வேண்டும். 46 ஆம்பியர் ஓடினாலும் விழுவதற்கு அதற்கு ஒரு மணி நேரம் வரை அவகாசம் உண்டு. அந்த நேரத்தில் வயரின் மேலுறை என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

ஒன்றரை டன் ஏ.சி. ஓடும்போது 7 அல்லது 8 ஆம்பியர்தான் எடுக்கும். பெட்டியிலிருந்து அதற்கென்று தனியாக 4 சதுர மி.மீ. வயர் இழுத்து, 20 ஆம்பியர் சி வகை (வகைகளைப் பற்றிக் கீழே) எம்.சி.பி. போட்டால் போதும். அறைக்கு ஏற்கெனவே வந்திருக்கும் வயர் மற்ற பிளக்குகளுக்கும் போகிறது என்றால் அதில் ஏ.சி.யைச் சேர்க்காதீர்கள். அதோடு, எம்.சி.பி. ஒன்று கூடியதால் வீட்டுக்கு வரும் மின்சாரம் கூடிவிடாது. அனுமதிக்கப்பட்ட மின்பளு 4 கிலோவாட் என்றால் மொத்தமே ஏறத்தாழ 17 ஆம்பியர்தான், ஏ.சி., கெய்சர், இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றும் ஒன்றாக ஓடினால் அந்த வரம்பு தாண்டிவிடும். மின்பளுவை உயர்த்த முதலில் மின்வாரியத்தில் விண்ணப்பியுங்கள்.

நீங்களே மாட்டலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதே. பெட்டியில் உள்ள மெயின் ஐசொலேட்டரை, அதாவது வீடு முழுவதற்குமான சுவிட்சை, கீழே இறக்கினாலும், மீட்டரிலிருந்து வரும் வயர் நுழையும் அதன் முனைகளில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். மூடியைக் கழற்றிய பிறகு உங்கள் விரலுக்கும் அந்த முனைக்கும் இடையே இருப்பது சில சென்டிமீட்டர்தான். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், மெயின் நின்ற அடுத்த நொடியே அது தன் பங்கு வயர்களுக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிடும். நிறுத்திவிட்டோம் என்பது மின்சாரம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. அளந்து பார்த்தால்தான் சான்று. வயர்மேன் தகுதிச் சான்று உள்ளவரை அழையுங்கள். அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன். எம்.சி.பி.யின் முனையில் திருகை இறுக்கும்போது ஒரு சிறு கவ்வி மேலேறி வயரைப் பிடிக்கும். வயர் அந்தக் கவ்விக்குள் போகாமல் அதன் பின்னால் உள்ள சந்துக்குள் போய்விட்டாலும் திருகு நன்றாகவே இறுகும். ஆனால் வயரைப் பிடிப்பது எதுவும் இருக்காது. ஆகவே இறுக்கிய பிறகு ஒவ்வொரு வயரையும் ஒரு முறை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான் பார்க்கப் போன ஒரு வீட்டில், புது எம்.சி.பி. போட்ட மூன்றாவது மாதமே பேக்லைட் கருகும் வாடை வந்திருந்தது. முனையைக் கழற்றினால், லக் (வயர் நுனியில் அழுத்தி மாட்டும் உலோக முனை) போடச் சோம்பல்பட்ட எலக்ட்ரீஷியன், துளைக்குள் நுழையவில்லை என்று வயரின் இழைகளில் பாதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியை மட்டும் செருகியிருந்தார். 4 சதுர மி.மீ. வயருக்குப் பணம் கொடுத்த வீட்டுக்காரருக்கு அந்த முனையில் கிடைத்தது 2 சதுர மி.மீ.தான்.

எங்கள் வீட்டில் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது. எத்தனை ஆம்பியர் போட்டால் விழாது? (பெயரும் ஊரும் இல்லை)

வயர் என்ன அளவு, எந்தக் கருவியைப் போடும்போது விழுகிறது, உடனே விழுகிறதா அல்லது அரை மணி நேரம் கழித்தா என்று எதுவுமே எழுதாமல் எண்ணை மட்டும் கேட்கிறீர்கள். விழாத எம்.சி.பி. வேண்டுமென்றால் 100 ஆம்பியர் போட்டுக்கொள்ளலாம். அதன் பிறகு விழுவது எம்.சி.பி.யாக இருக்காது. போட்டவுடன் விழுந்தால் ஷார்ட் சர்க்யூட்டைத் தேடுங்கள். நேரம் கழித்து விழுந்தால் மின்பளு மிகுதியாக இருக்கலாம், முனையில் வயர் தளர்ந்து சூடாகவும் கூடும். அளவை மாற்றுவது கடைசி யோசனையாகக்கூட வரக் கூடாது.

பி வகையா, சி வகையா? (ஈரோடு)

பி வகை, குறித்த அளவைப் போல் 3 முதல் 5 மடங்கு மின்னோட்டத்தில் உடனடியாக விழும். சி வகை 5 முதல் 10 மடங்கில். விளக்கு, கெய்சர், சாதாரண பிளக்குகளுக்கு பி போதும். ஏ.சி., மோட்டார், ஃப்ரிட்ஜ் போன்று கிளம்பும்போது இழுக்கும் கருவிகளுக்கு சி. டி வகை வீட்டுக்குத் தேவைப்படாது.

எங்களுடையது 8 வழி பெட்டி, இடம் தீர்ந்துவிட்டது. ஒரே எம்.சி.பி.யில் இரண்டு வயர்களைச் சேர்த்து முறுக்கிக் கொடுக்கலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். (வேலூர்)

கூடாது. இரண்டு வயர்களும் வெவ்வேறு பருமனாக இருந்தால் திருகு பெரியதைப் பிடித்துக்கொண்டு சின்னதை விட்டுவிடும். ஒரே பருமனாக இருந்தாலும் இரண்டு சர்க்யூட்டுகளின் சுமையும் ஒரே எம்.சி.பி.யில் ஏறும், பிறகு அது விழும், அப்போது அதே எலக்ட்ரீஷியன் 32 போடலாம் என்பார். ஒரு முனை (சிங்கிள் போல்) எம்.சி.பி. ஏறத்தாழ 18 மி.மீ. அகலம்தான். பெட்டியையே 12 வழியாக மாற்றுங்கள், அல்லது பக்கத்தில் ஒரு சிறு பெட்டி வைத்து, அதற்குப் போகும் வயரைப் பெரிய பெட்டியில் ஒரு எம்.சி.பி. வழியாகக் கொடுங்கள். மாற்றும்போது இரண்டு இடங்களைக் காலியாக விட்டு, அவற்றைக் கட்டாயம் மறைப்பான் போட்டு மூடுங்கள். திறந்து கிடக்கும் அந்த வழியாகப் பல்லி நுழைந்து பஸ்பாரில் (எம்.சி.பி.களுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் உலோகப் பட்டையில்) கருகிக் கிடந்ததை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

ஒரே பெட்டியில் வெவ்வேறு நிறுவனங்களின் எம்.சி.பி.களைப் போடலாமா? (கோவை)

பெட்டிக்குள் எம்.சி.பி.களை மாட்டும் ரயில் என்ற உலோகப் பட்டையில் எல்லாமே உட்காரும். ஆனால் பஸ்பார் நுழையும் வாயின் உயரமும் ஆழமும் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும். பஸ்பாரை வளைத்துச் செருகினால் பிடிப்பு சரியாக இருக்காது. ஒரே நிறுவனம், ஒரே வரிசை என்று வாங்குங்கள். முகப்பில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், சிறு கட்டத்துக்குள் 10000 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ஷார்ட் சர்க்யூட்டின்போது 10,000 ஆம்பியர் வரை வெடிக்காமல் துண்டிக்கும் என்பது அதன் பொருள்.

புதிதாக இரண்டு எம்.சி.பி.கள் சேர்த்ததிலிருந்து ஆர்.சி.சி.பி. விழுகிறது, மழை நாளில் இன்னும் மோசம். வந்து பார்த்தவர், இது தேவையில்லாத தொல்லை என்று சொல்லி அதை நேராக இணைத்துவிட்டார். இப்போது பிரச்சினையே இல்லை. இப்படியே விடலாமா? (தஞ்சாவூர், நாகர்கோவில், இன்னும் மூவர்)

பிரச்சினை தீரவில்லை, அதைச் சொல்லிக்கொண்டிருந்த வாயை அடைத்திருக்கிறீர்கள். ஐந்து பேர் ஒரே கதையை எழுதியிருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

போகும் மின்னோட்டமும் நியூட்ரல் வழியாகத் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்பதை மட்டும்தான் ஆர்.சி.சி.பி. பார்க்கிறது. வேறுபாடு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் அது விழுந்தாக வேண்டும். தர விதிப்படி 15-ஐத் தாண்டினாலே விழலாம். அந்த வேறுபாடு வேறு வழியாக நிலத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த வழி கெய்சரின் உடலாக இருக்கலாம், ஈரச் சுவராக இருக்கலாம், உங்கள் குழந்தையின் கையாகவும் இருக்கலாம். எம்.சி.பி.க்கு இது தெரியவே தெரியாது. 16 ஆம்பியருக்குக் காத்திருக்கும் ஒன்றுக்கு 0.03 ஆம்பியர் ஒரு பொருட்டா?

உங்கள் வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்பதை ஓரளவு ஊகிக்க முடிகிறது. புது எம்.சி.பி.க்கு ஃபேஸை (மின்சாரம் வரும் வயரை) ஆர்.சி.சி.பி.க்குப் பிறகு எடுத்துவிட்டு, நியூட்ரலை வேறொரு லிங்கில் (நியூட்ரல் வயர்களைச் சேர்த்துக் கட்டும் உலோகப் பட்டையில்), அதாவது ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் உள்ள லிங்கிலோ இன்வெர்ட்டரின் நியூட்ரலோடோ கட்டியிருப்பார்கள். அப்படிக் கட்டினால் அந்த சர்க்யூட்டில் விளக்கைப் போட்டவுடனே விழும். கருவியின் மேல் குற்றமே இல்லை. ஆர்.சி.சி.பி. வழியாகப் போன ஃபேஸின் நியூட்ரல் அதே ஆர்.சி.சி.பி. வழியாகத்தான் திரும்ப வேண்டும் என்பதைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

மழை நாளில் மட்டும் விழுந்தால் மொட்டை மாடி விளக்கு, கேட் விளக்கு, போர் மோட்டார் மூன்றையும் முதலில் சந்தேகப்படுங்கள். எல்லா எம்.சி.பி.களையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த சர்க்யூட்டில் தேடலாம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு முனை எம்.சி.பி. ஃபேஸை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல் இணைந்தேதான் இருக்கும். எங்கோ ஒரு நியூட்ரல் வயர் ஈரத்தில் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த சர்க்யூட்டின் எம்.சி.பி.யை இறக்கியிருந்தாலும் கசிவு நிற்காது. வேறொரு அறையில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டவுடன் ஆர்.சி.சி.பி. விழும், பழி இஸ்திரிப் பெட்டியின் மேல் விழும். இதற்காகவே புது இஸ்திரிப் பெட்டி வாங்கிய வீடு எனக்குத் தெரியும். இத்தகைய பழுதைக் கண்டுபிடிக்க நியூட்ரல் லிங்கில் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கருவிகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, 500 வோல்ட் மெக்கரில் (வயரின் மேலுறைக் காப்பை அளக்கும் கருவியில்) எர்த்துக்கு எதிராக அளக்க வேண்டும். 1 மெக் ஓமுக்குக் குறைவாகக் காட்டும் சர்க்யூட்தான் குற்றவாளி. அரை நாள் வேலை. அந்த அரை நாளைச் செலவிட மனமில்லாதவர்தான் இரண்டு துண்டு வயரைப் போட்டு நேராக இணைத்துவிட்டு, 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போகிறார்.

இப்படி இணைத்த வீட்டில் லிவர் மேலேயே நிற்பதால், ஆர்.சி.சி.பி. வேலை செய்கிறது என்றே எல்லோரும் நம்புகிறார்கள். அது இல்லாத வீட்டைவிட இது ஆபத்து. அங்கே குறைந்தது பயமாவது இருக்கும். அதன் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். லிவர் விழுந்தால் மட்டும் போதாது, வீட்டில் விளக்குகளும் அணைய வேண்டும். லிவர் விழுந்தும் விளக்கு எரிந்தால் யாரோ குறுக்கு வழி போட்டிருக்கிறார்கள். அன்றே கழற்றச் சொல்லுங்கள், கெய்சரைத் தொடுவதற்கு முன்.

ஆர்.சி.சி.பி. இருக்கும்போது எம்.சி.பி. எதற்கு? (சேலம்)

மேலே சொன்னதை மறுபக்கத்திலிருந்து படியுங்கள். ஆர்.சி.சி.பி.க்கு மிகை மின்பளுவும் ஷார்ட் சர்க்யூட்டும் தெரியாது. இரண்டும் வேண்டும். இரண்டையும் ஒரே உடலில் கொண்டது ஆர்.சி.பி.ஓ.; கெய்சருக்கும் வாஷிங் மெஷினுக்கும் தனித்தனியாக அதைப் போட்டால் ஒன்று விழும்போது வீடு முழுவதும் இருட்டாகாது. மின்னணுச் சுற்று உள்ள கருவிகளுக்கு ஏ வகை ஆர்.சி.பி.ஓ. கேட்டு வாங்குங்கள் (இது மேலே சொன்ன பி, சி வகைப் பிரிவு அல்ல, கசிவை உணரும் முறையின் வகை).

பழைய கிட்காட் ஃபியூஸ் போர்டுக்குப் பக்கத்திலேயே புது எம்.சி.பி. பெட்டி வைத்து, ஏ.சி.யை மட்டும் அதில் கொடுக்கலாமா? (கும்பகோணம்)

ஃபியூஸ் கேரியரில் இப்போது என்ன வயர் இருக்கிறது என்று பார்த்தீர்களா? ஒவ்வொரு முறை போனபோதும் யாராவது ஒருவர் ஒரு செம்பு இழையைக் கூட்டிச் சுற்றியிருப்பார். கடைசியில் அது ஃபியூஸாக இல்லாமல் வெறும் இணைப்பாகியிருக்கும். அந்தக் காலத்து வீடுகளில் எர்த் வயரே இல்லாத பிளக்குகளும் உண்டு. ஏ.சி. வைக்கும் செலவோடு பழைய போர்டையும் எடுத்துவிடுங்கள். எர்த் இல்லை என்பதற்காகப் பிளக்கின் எர்த் துளையை நியூட்ரலோடு இணைப்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கருவியின் உலோக உடல் முழுவதும் மின்சாரம் ஏறிவிடும்.

மும்முனை இணைப்பு. புது எம்.சி.பி.யை எந்த ஃபேஸில் சேர்ப்பது? (திருப்பூர்)

மாலை 7 மணிக்குக் கிளாம்ப் மீட்டரால் (வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கருவியால்) மூன்றையும் அளந்து, குறைவாக உள்ளதில். நியூட்ரல் முனையை இரண்டு முறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மும்முனையில் பொது நியூட்ரல் கழன்றால் பளு குறைந்த ஃபேஸில் மின்னழுத்தம் 300 வோல்ட்டையும் தாண்டி ஏறி, டி.வி.யும் ஃப்ரிட்ஜும் ஒன்றாகப் போய்விடும்.

டெஸ்டரை வைத்தேன், நியான் எரியவில்லை. இனி தைரியமாகத் தொடலாம்தானே? (காரைக்குடி)

தொடக் கூடாது. நியான் பழுதாகியிருக்கலாம், ரப்பர் செருப்போடு மர ஸ்டூலில் நின்றிருக்கலாம், வெயில் வெளிச்சத்தில் அதன் மங்கலான ஒளி தெரியாமலும் போயிருக்கலாம். மல்டிமீட்டரை முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான ஒரு பிளக்கில் வைத்து 230 காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு வேலை செய்ய வேண்டிய முனையில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து பாருங்கள். அதன் பிறகு மீண்டும் அந்தப் பிளக்கிலேயே வைத்து, மீட்டர் நடுவில் செத்துப் போகவில்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.