214 கோடியை யார் உட்கார்ந்து வகுத்தது?

கேள்வி: 2147483647 ஒரு பகா எண் என்று என் மகன் படித்துவிட்டு வந்து சொன்னான். "அதை எவன் உட்கார்ந்து அத்தனை எண்ணாலயும் வகுத்துப் பார்த்தான்?" என்று அப்பத்தா கேட்க, பிள்ளை முழிக்கிறான்.
– வாசகி, காரைக்குடி

அப்பத்தா சரியாகத்தான் கேட்டிருக்கிறார். 2-இன் 31-ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் வரும் எண் இது. பகா எண்தான் என்று கணித மேதை ஆய்லர் 1772-இல் எழுதினார், அப்போது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டது. கம்ப்யூட்டரும் கிடையாது, கால்குலேட்டரும் கிடையாது.

எல்லா எண்ணாலும் வகுக்க வேண்டியதே இல்லை. ஓர் எண்ணை இரண்டாகப் பிரிக்க முடிந்தால் அதில் சின்னது வர்க்கமூலத்தைத் தாண்டாது, இங்கே அது 46,340 சொச்சம். அதோடு விட்டால்கூட ஆயிரக்கணக்கில் வகுக்க வேண்டியிருக்கும். ஆனால் இந்த எண்ணை வகுக்கக்கூடிய பகா எண் எதுவானாலும், அதை 248-ஆல், அதாவது 31-இன் எட்டு மடங்கால், வகுத்தால் மீதி 1 அல்லது 63 மட்டுமே வரும், வேறு எதுவும் வரவே வராது. 46,340-க்குள் அப்படிப்பட்ட எண்கள் 400 கூடத் தேறாது, அதிலும் 3, 5, 7 என்று சின்ன எண்களால் வகுபடுவதையெல்லாம் தள்ளிவிடலாம். மிஞ்சுவதில் முதல் எண் 311. வகுத்துப் பாருங்கள், மீதி 35 வரும். அடுத்ததை எடுக்க வேண்டியதுதான்.

பிள்ளையிடம் 2047-ஐக் கொடுங்கள். 2-இன் 11-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு, 11 பகா எண்தான், ஆனாலும் 2047 = 23 × 89. இரண்டையும் 22-ஆல், அதாவது 11-இன் இரு மடங்கால், வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் அப்பத்தாவுக்கு அவனே விளக்கிவிடுவான்.

கேள்வி: 4 கோடி இலக்கத்தில் ஒரு பகா எண் கிடைத்ததாமே, அதையும் இப்படித்தான் வகுத்தார்களா?
– வாசகர், தேவகோட்டை

இல்லை, அதற்கு வகுத்துக் கட்டுப்படியாகாது. 2-இன் அடுக்கில் ஒன்று குறைவான எண்களுக்கென்றே லூக்கா–லெமர் சோதனை என்று ஒன்று இருக்கிறது, 31-ஐ வைத்தே செய்து பார்க்கலாம். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, 31-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். 4×4−2 = 14. 14×14−2 = 194, மீதி 8. 8×8−2 = 62, மீதி சைபர். 31 என்பது 2-இன் 5-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு, அதனால் 5-இல் 2 போக மூன்று தடவை. கடைசியில் சைபர் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை, அவ்வளவுதான். நீங்கள் சொல்லும் எண் 2-இன் 136279841-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு, 4,10,24,320 இலக்கம். 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். 13 கோடிக்கும் மேற்பட்ட தடவை இதே வேலையைச் செய்துதான் அதை உறுதிப்படுத்தினார்கள்.

கேள்வி: இதில் காசு பார்க்க முடியுமா?
– வாசகர், கானாடுகாத்தான்

வட்டிக் கணக்கில் ஊறிய ஊரிலிருந்து வேறென்ன கேள்வி வரும்! மேலே சொன்ன எண்ணைக் கண்டுபிடித்த லூக் டுரான்ட்டுக்குப் பரிசு 3,000 டாலர்தான், அவர் கணினிகளுக்குக் கொட்டிய காசோடு பார்த்தால் அது வட்டிக்குக்கூடக் காணாது. பேங்க் ரகசியக் குறியீட்டுக்கும் இந்த ராட்சத எண் உதவாது, அங்கே சில நூறு இலக்கங்களே தாராளம். 10 கோடி இலக்கம் கொண்ட பகா எண்ணுக்கு 1,50,000 டாலர் பரிசு அறிவித்திருக்கிறார்கள். முதலில் கரண்ட் பில்லைக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்.