கோச், கன்சல்டன்ட், கவுன்சலர்: யாரை நாடுவது?

கேள்வி: பதவி உயர்வு பெற்றுக் குழுத் தலைவராகிச் சில மாதங்கள் ஆகின்றன. வேலைகள் தாமதமாகின்றன, கூட்டங்களில் பேசத் தயங்குகிறேன், சில வாரங்களாகத் தூக்கமும் சரியில்லை. செலவை நிறுவனமே ஏற்பதாகச் சொல்கிறது. நான் யாரிடம் போக வேண்டும்?

பதில்: தாமதத்துக்குப் பணிப்பங்கீடோ திட்டமிடலோ காரணமென்றால், அது கன்சல்டன்ட் பார்க்க வேண்டிய வேலை. அவர் நடைமுறையை ஆராய்ந்து, எதை எப்படி மாற்றலாம் என்று தம் துறையறிவிலிருந்து பரிந்துரைப்பார்.

இலக்கை எட்டத் துணைநிற்கும் கோச்சையும், மனச்சிக்கல்களைப் பேசித் தெளிய உதவும் கவுன்சலரையும் அவ்வளவு எளிதில் பிரித்துவிட முடியாது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940களில் உளவள ஆலோசனையில், அதாவது கவுன்சலிங்கில், முன்வைத்த, அறிவுரையைக் குறைத்து வந்தவரின் பேச்சுக்கு முதலிடம் தரும் அணுகுமுறை கோச்சிங்கிலும் ஊறியிருக்கிறது. கூட்டத்தில் பேச முடியவில்லை என்று நீங்கள் சொன்னால், அடுத்த கூட்டத்தில் எதைப் பேசப்போகிறீர்கள், அதற்கு எப்படித் தயாராவீர்கள் என்று கோச் கேட்பார். மறு சந்திப்பில் அது நடந்ததா என்றும் விசாரிப்பார். பேச வாயெடுக்கும்போது உங்களுக்குள் என்ன நிகழ்கிறது, இந்த அச்சம் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று கவுன்சலர் கேட்பார். கவுன்சலர் கடந்த காலத்தையும் கோச் எதிர்காலத்தையும் பார்ப்பவர் என்ற பரவலான விளக்கத்தை நான் ஏற்பதில்லை. எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை முறையைப் பின்பற்றும் கவுன்சலர்கள் இன்றைய சிக்கலையே எடுத்துக்கொண்டு, வீட்டில் செய்து பார்க்கப் பயிற்சிகளும் தருகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது தூக்கம்தான். ஆகவே கவுன்சலரிடமிருந்து தொடங்குங்கள். மனச்சோர்வோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நாள்தோறும் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். மனம் சற்று நிலைப்பட்ட பிறகு கோச்சிடம் போனால், அவர் தரும் செயல்திட்டம் உங்களுக்குச் சுமையாகாது.

பணம் கொடுப்பது நிறுவனம் என்பதால், நீங்கள் பேசுவதில் எது மேலதிகாரிக்குப் போகும் என்பதை முதல் சந்திப்புக்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கோச்சிங்கில் இலக்குகளையும் முன்னேற்றத்தையும் நிறுவனத்தோடு பகிர்வது வழக்கம்; கவுன்சலிங்கில், உயிருக்கு ஆபத்து போன்ற விதிவிலக்குகள் தவிர, பேசியவை வெளியே போகக் கூடாது. பெரும்பாலான நாடுகளில் கோச் என்று பெயர்ப்பலகை வைக்க உரிமம் தேவையில்லை என்பதால், அவருடைய பயிற்சியையும், எந்தக் கட்டத்தில் உங்களைக் கவுன்சலரிடம் அனுப்புவார் என்பதையும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் தராதவரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.