இரவுக் காவல் நாய்க்கு எப்போது சோறு வைப்பது?

கேள்வி: ஆட்டுக் கிடைக்குக் காவலாக ஒரு சிப்பிப்பாறை நாயும் (20 கிலோ) ஒரு ராஜபாளையமும் (28 கிலோ) வைத்திருக்கிறோம். நரியும் தெருநாய்க் கூட்டமும் வருவதால், இரவு எட்டு மணியிலிருந்து விடியும்வரை இரண்டும் ஓயாமல் ஓடுகின்றன. ஏழு மணிக்கு வயிறு நிறையச் சோறு வைத்து அவிழ்த்துவிடுவோம். கொஞ்ச நாளாகச் சிப்பிப்பாறை பத்து மணிக்குள் தின்றதை அப்படியே கக்கிவிடுகிறது. 'வயிறு நிறைஞ்ச நாய் காவல் காக்காது, ராத்திரிக்குப் பட்டினி போடு' என்கிறார் மாமா. எது சரி? (விளாத்திகுளம் வாசகர்)

உங்கள் மாமா சொல்வதில் பாதி சரி. ஏழு மணிச் சோற்றை நிறுத்துங்கள். ஆனால் பட்டினி போடாதீர்கள்.

ஓடும்போது ரத்தம் கால் தசைகளுக்குப் போகிறது, செரிமானம் மந்தமாகிறது. வயிறு முட்டத் தின்ற சோறு இரைப்பையை விட்டு முழுதாக இறங்க எட்டு முதல் பத்து மணி நேரம்கூட ஆகலாம். கக்கிய சோறு பருக்கை பருக்கையாக இருந்தால், அது செரிக்கவே ஆரம்பிக்கவில்லை என்று பொருள். இன்னொன்று, நெடுநேரம் ஓடும் நாய்க்கு முக்கிய எரிபொருள் கொழுப்பு. மாவுச்சத்து நிறைந்த சோற்றைத் தின்றதும் இன்சுலின் ஏறும். அது ஏறியிருக்கும்வரை உடல் கொழுப்பை எடுத்து எரிக்காது. தின்ற நாய் மந்தமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கக்குவதைவிடப் பெரிய ஆபத்து வேறு. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போல நெஞ்சு ஆழமாகவும் இடுப்பு ஒடுங்கியும் இருக்கும் நாய்களுக்கு, நிறைந்த இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளக்கூடும். நாய் மீண்டும் மீண்டும் ஓங்கரிக்கும், ஒன்றும் வெளியே வராது. எச்சில் வடியும், படுக்க முடியாமல் எழுந்து எழுந்து நிற்கும். கடைசி விலாவுக்குப் பின்னால் விரலால் தட்டினால் மேளம் போலச் சத்தம் வரும். அப்போது எண்ணெய், சோடா, கஷாயம் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். அறுவை சிகிச்சைதான் வழி, அதுவும் சில மணி நேரத்துக்குள். உங்கள் ஊருக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிளம்பும்போதே அங்கே போன் செய்து சொல்லிவிடுங்கள்.

இனி நேரம். நாளின் தீனியில் கால் பங்கைப் பிற்பகல் மூன்று மணிக்குக் கொடுங்கள். எட்டு மணிக்கு அவிழ்க்கும்போது ஐந்து மணி நேரம் ஆகியிருக்கும். மீதி முக்கால் பங்கு காலையில். காவல் முடிந்து வந்ததும் தட்டை வைக்கக் கூடாது. முதலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்து, மூச்சிரைப்பு அடங்கி ஒரு மணி நேரம் ஆனபிறகு சோறு வையுங்கள். தின்றதும் இரண்டு மணி நேரம் கட்டிப் போடுங்கள். இரண்டு நாய்க்கும் ஒன்றின் கண்ணில் மற்றது படாதபடி தனித்தனியாக வையுங்கள். போட்டியில் அள்ளி விழுங்கும் நாய் காற்றையும் சேர்த்து விழுங்கும்.

அளவு, 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு: கம்பு அல்லது அரிசி 150 கிராம் (வேகவைக்கும் முன் எடை), தோலுடன் எலும்பில்லாத கோழிக்கறி 300 கிராம், ஒரு முட்டை, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் அல்லது கோழிக்கொழுப்பு. கறியிலும் கம்பிலும் சுண்ணாம்புச் சத்து போதாது. அதனால் நன்றாக இடித்த முட்டை ஓட்டுத் தூள் ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகச் சேருங்கள். ராஜபாளையத்துக்கு எல்லாவற்றையும் கால் பங்கு கூட்டிக்கொள்ளலாம். விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், ஆனால் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. அதைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். இதுவரை வெறும் கஞ்சியும் பழைய சோறும்தான் என்றால், எண்ணெயையும் கறியையும் பத்து நாளில் படிப்படியாக ஏற்றுங்கள். ஒரேயடியாக மாற்றினால் கழிசல் நிச்சயம்.

கேள்வி: விடியற்காலை மூன்று மணி வாக்கில் எங்கள் கோம்பை நாய்க்குப் பின்னங்கால் தடுமாறுகிறது, நடுங்குகிறது. சோறு தின்றதும் சரியாகிவிடுகிறது. முதல்நாள் காலையில் மட்டும்தான் தீனி. (உத்தமபாளையம் வாசகர்)

ரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறது. சேமிப்பு தீர்ந்தபிறகும் ஓடுவதால் வரும் தடுமாற்றம் இது. கருப்பட்டிப் பாகு அல்லது கெட்டிச் சர்க்கரைக் கரைசல் இரண்டு தேக்கரண்டி எடுத்துப் பல் ஈறுகளில் தடவுங்கள். நினைவு தப்பிய நாயின் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும், தடவ மட்டும் செய்யுங்கள். தெளிந்ததும் ஒரு கை களி கொடுத்து, அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள். இனி நாளின் தீனியில் கால் பங்கைப் பிற்பகல் மூன்று மணிக்குத் தவறாமல் கொடுங்கள். நள்ளிரவில் நாயைக் கால் மணி நேரம் படுக்க வைத்து, எலுமிச்சை அளவு களி உருண்டையோ அரை முட்டையோ கொடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

பாகு தடவிப் பதினைந்து நிமிடத்தில் தெளியவில்லை என்றால் பாம்புக்கடியாக இருக்கலாம். கட்டுவிரியன் கடித்த இடம் பெரும்பாலும் வீங்காது. கால் துவளும், குரைப்பு கம்மும், மூச்சு மேலோட்டமாகும். காயம் தேடி நேரத்தைக் கழிக்காமல் விஷமுறிவு மருந்து இருக்கும் இடத்துக்குப் போங்கள்.

கேள்வி: முயல் வேட்டைக்குக் கூட்டிப்போகும் நாய்க்கும் இதே கணக்குதானா?

உடலின் கணக்கு ஒன்றுதான். ஆனால் நாயை விட்டு முயலைப் பிடிப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தோட்டம், கிடை, பட்டிக் காவலுக்குப் பழக்குங்கள்.

கேள்வி: செத்த ஆட்டின் குடல், ஈரல், தலையை நாய்க்குப் போடலாமா? வீணாகப் புதைக்க மனசு வரவில்லை. (கிடை ஆடு மேய்க்கும் சிவகங்கை கீதாரி ஒருவர்)

போடவே கூடாது. ஈரலிலும் நுரையீரலிலும் வெள்ளையாக, நீர் கோத்த கட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை நாடாப்புழுவின் குட்டிப் பருவம். நாய் தின்றால் அதன் குடலில் புழுவாகி, மலம் வழியாக முட்டை புல்லில் விழும். அதை மேயும் ஆட்டுக்கு மீண்டும் கட்டி. நாயைத் தடவிவிட்டுக் கை கழுவாமல் சாப்பிடும் உங்கள் பிள்ளைக்கும் அதே கட்டி ஈரலில் வரலாம். ஆட்டின் மூளையில் வளர்வது இதற்கு உறவான இன்னொரு புழு. அது வந்த ஆடு தலையைச் சாய்த்து ஒரே பக்கமாகச் சுற்றும். அந்தத் தலையை நாய்க்குப் போட்டால் அடுத்த வருடம் இன்னும் சில ஆடுகள் சுற்றும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிராசிகுவான்டெல் சேர்ந்த குடற்புழு மாத்திரை கொடுங்கள். கிலோவுக்கு 5 மில்லிகிராம், அதாவது 20 கிலோ நாய்க்கு 100 மில்லிகிராம். அடுத்த மூன்று நாள் மலத்தை அள்ளிப் புதையுங்கள், அதில் முட்டை உயிரோடு இருக்கும். செத்த ஆட்டை ஆளின் இடுப்பளவுக் குழியில் சுண்ணாம்பு தூவி மூடி, மேலே கல்லும் முள்ளும் அடுக்குங்கள். இல்லாவிட்டால் அன்று இரவே நாய் தோண்டிவிடும்.