கண்ணாடிச் செருப்பு எங்கே?

கேள்வி: ரோசினியின் ‘லா செனெரென்டோலா’ இசைநாடகம் பார்த்தேன். சிண்டரெல்லா கதை என்றார்கள். கண்ணாடிச் செருப்பு இல்லை, தேவதை இல்லை, சித்தியும் இல்லை! மக்கள் கதையில் இப்படிக் கைவைக்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: எந்தக் கதையில் கைவைத்தார் என்கிறீர்கள்? கண்ணாடிச் செருப்பு 1697-ல் பிரான்சில் பெரோ எழுதிய கதையில் வருவது. கிரிம் சகோதரர்கள் ஜெர்மனியில் 1812-ல் அச்சிட்டதில் அது தங்கச் செருப்பு. இவர்களுக்கெல்லாம் முன்பு நேப்பிள்ஸ்காரர் பசீலே எழுதியதிலோ, அந்தப் பெண் தன் சித்தியின் கழுத்தில் பெட்டி மூடியை அடித்துச் சாத்திக் கொன்றே விடுகிறாள். ஊருக்கு ஊர் மாறித்தான் இந்தக் கதை உயிரோடு இருக்கிறது. 1817 ஜனவரி 25-ல் ரோமின் வாலே அரங்கில் அது இன்னொரு முறை மாறியது, அவ்வளவுதான்.

ரோம் மேடையில் பெண்ணின் வெறுங்காலைக் காட்ட முடியாது, அதனால்தான் செருப்பை எடுத்தார்கள் என்று ஒரு காரணம் சொல்வதுண்டு. இருக்கட்டும். அந்த இடத்தில் என்ன வைத்தார்கள் என்பதல்லவா முக்கியம்? பாடலாசிரியர் ஃபெரெத்தி வைத்தது ஒரு ஜோடி வளையல். இளவரசன் வேலைக்காரன் வேஷத்தில் இருக்கிறான். வேலைக்காரன் இளவரசனாக நடிக்கிறான். ஆஞ்சலினா (இங்கே சிண்டரெல்லாவின் பெயர் அதுதான்) போலி இளவரசனை வேண்டாம் என்று சொல்லி, அவனுடைய வேலைக்காரனைத்தான் பிடித்திருக்கிறது என்கிறாள். பிறகு வளையல் ஒன்றைக் கழற்றி அவன் கையில் கொடுக்கிறாள்: என்னைத் தேடி வா, இதன் ஜோடி என் வலக்கையில் இருக்கும், என்னை யாரென்று தெரிந்துகொண்ட பிறகும் பிடித்திருந்தால் நான் உன்னுடையவள்.

செருப்பு ஓடும்போது தவறிக் கழன்றது. பாதம் பொருந்துகிறதா என்று ஆண் சோதித்தான். இங்கே சோதனை வைப்பவள் அவள். இதைவிட நேர்மையான மாற்றத்தை நான் எந்தத் தழுவலிலும் பார்த்ததில்லை.

தேவதை இல்லாததும் நஷ்டமில்லை. பிச்சைக்காரர் வேஷத்தில் வருகிற அலிதோரோவை அக்காமார் விரட்டுகிறார்கள். ஆஞ்சலினா ஒளித்து ஒரு கோப்பை காபியும் ரொட்டியும் கொடுக்கிறாள். அவர் இளவரசனின் ஆசிரியர். பின்னால் அவளை விருந்துக்கு அழைத்துப் போகிறவரும் அவர்தான். மந்திரக்கோல் செய்த வேலையை அவளுடைய நல்ல குணமே செய்துவிடுகிறது.

சித்திக்குப் பதிலாக வரும் மாற்றாந்தகப்பன் மட்டும் எனக்கும் அவ்வளவாக ஒட்டவில்லை. சிரிப்புக் கதாபாத்திரமாகிப்போனதில் அந்த வீட்டின் கொடுமை குறைந்துவிடுகிறது. ஆனால் கடைசிக் காட்சியில், அவரையும் அக்காமாரையும் மன்னிக்கும்படி அவள் இளவரசனிடம் கேட்கும்போது ரோசினி அதை ஈடுகட்டிவிடுகிறார். அப்போது அவருக்கு வயது 24.